பழைய வெள்ளி ரூபாயில் வெள்ளி எவ்வளவு?

திருமலைக்கு நேர்ந்துகொள்வோர் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பூசையறையில் வைப்பது சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழரிடையேயும் தெலுங்கரிடையேயும் உள்ள வழக்கமாகும். தெலுங்கில் இதனை முடுப்பு என்பர். நேர்த்திக்கடன் செலுத்தப்படுமாயின் அந்நாணயம் உண்டியலைச் சேர்ந்து, பரகாமணி என்னும் எண்ணுமிடத்தை அடையும். செலுத்தப்படாமல் தலைமுறைகள் சென்றுவிட்டால், முடிச்சு அவிழாமலே பெட்டியின் அடியில் கிடக்கும். இவ்வாறு கிடந்தவையும், வெல்லம் விற்ற பணத்தில் பாட்டிமார் எடுத்து வைத்தவையுமாகச் சில பழைய ரூபாய்கள் இம்மாவட்டங்களின் கிராம வீடுகளில் இன்றும் உள்ளன. அவற்றை விற்க நேரும்போது கிராமத்திற்கு வரும் களப்பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ யோசனை கேட்பது இயல்பு.

அத்தகைய முடிச்சு ஒன்றில் மூன்று ரூபாய்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று 1890 ஆம் ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய். இரண்டாவது 1944 ஆம் ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய். மூன்றாவது புலியுருவம் தாங்கிய 1947 ஆம் ஆண்டு ரூபாய். வீட்டில் மூன்றையும் வெள்ளி ரூபாய் என்றே சொல்வார்கள். தராசில் இட்டாலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை, அதாவது 11.66 கிராம் காட்டும். ஆயினும் முதலாவதில் 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு, இரண்டாவதில் 5.83 கிராம் மட்டுமே உண்டு. மூன்றாவதில் வெள்ளி அறவே இல்லை. எடையை மட்டும் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவதற்கும், நல்ல நாணயத்தைத் தாழ்ந்த விலைக்குக் கொடுத்துவிடுவதற்கும் காரணம் இதுவே.

எடை ஒன்றாக இருக்க உலோகம் மட்டும் மாறியது எவ்வாறு என்பதை அறிய நாணயத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெரும்பகுதி முன்னர் வட ஆற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூரே. சித்தூர் தனி மாவட்டமானது 1911 இல். திருப்பதி தனி மாவட்டமானது 2022 இல். திருமலைக் கோயிலின் நிர்வாகம் 1801 முதல் 1843 வரை கிழக்கிந்தியக் கும்பனியின் வட ஆற்காட்டுக் கலெக்டருடைய மேற்பார்வையில் இருந்தது. அவ்வாண்டுகளின் இடையே சென்னை இராசதானியின் கணக்கு நாணயமே மாறியது. அதுவரை வராகன், பணம், காசு என்று கணக்கெழுதினர்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகன் பொன் நாணயம். 1818 ஆம் ஆண்டில் கும்பனி வெள்ளி ரூபாயைத் தலைமை நாணயமாக அறிவித்து, மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்குச் சமம் என்று விகிதம் வகுத்தது.

அந்த ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 165 கிரெயின், தூய வெள்ளி. எஞ்சிய 15 கிரெயின் பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மென்மையானது. கைமாறும் நாணயம் விரைவில் தேய்ந்துவிடும். செம்பு சேர்ப்பது அதற்கு உறுதி தருவதற்காக. 1835 ஆம் ஆண்டுச் சட்டம் இதே எடையையும் மாற்றையும் கும்பனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் விதித்தது. அதற்கு முன் ஆற்காட்டு ரூபாய் முதலிய பலவகை ரூபாய்கள் ஒருங்கே புழங்கின. சராப்புக் கடைக்காரர் ஒவ்வொன்றையும் நோட்டம் பார்த்து, குறைந்த மாற்றுக்கும் தேய்மானத்துக்கும் வட்டம் பிடித்துக்கொண்டே மாற்றித் தந்தனர். ஒரே மாற்றுள்ள ரூபாய் வந்தபின் இவ்வட்டம் குறைந்தது.

180 கிரெயின் என்பதே ஒரு தோலா. ஆகவே புதிய ரூபாய் நாணயமாக மட்டுமன்றி எடைக்கல்லாகவும் பயன்பட்டது. நாட்டு மருத்துவர் 'ரூபாய் எடை' என்று சொன்னது இதையே. மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்பது சென்னை இராசதானியின் வாய்பாடு. சித்தூர்ச் சந்தையில் மணங்குக் கணக்கில் நிறுத்த வெல்லத்தின் எடையும், இறுதியில், 960 வெள்ளி ரூபாய்களின் எடையே ஆகும். 1956 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தைத் தொடர்ந்து கிராமும் கிலோகிராமும் வந்தபின் இவ்வாய்பாடு வழக்கொழிந்தது, தோலாவின் 11.66 கிராம் என்னும் அளவு மட்டும் பொன், வெள்ளிக் கடைகளில் நினைவில் நின்றது.

முகமதிப்பும் உலோக மதிப்பும்

1893 ஆம் ஆண்டு வரை எவரும் வெள்ளிக் கட்டியை நாணயச்சாலைக்குக் கொண்டு சென்று, சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்துப் பெறலாம். ஆகையால் ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் ஒன்றைவிட்டு ஒன்று அதிக தூரம் விலக முடியவில்லை. உலகச் சந்தையில் வெள்ளி விலை தொடர்ந்து வீழ்ந்தமையால் அரசாங்கம் 1893 ஜூன் மாதத்தில் இவ்வுரிமையை நிறுத்தியது. அது முதல் ரூபாயின் மதிப்பு அரசாங்கத்தின் ஆணையால் நின்றது. உள்ளிருந்த வெள்ளியின் விலை அதற்குக் கீழே இருந்தது. அப்போது ரூபாயை உருக்குபவருக்கு நட்டமே மிஞ்சும்.

முதல் உலகப் போரில் நிலைமை தலைகீழாயிற்று. ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என்பது அன்றைய செலாவணி விகிதம். இலண்டனில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 43 பென்ஸ் விலையை எட்டினால், ரூபாயிலுள்ள வெள்ளியும் 16 பென்ஸ் பெறும். 1917 இல் விலை இவ்வெல்லையைத் தாண்டியது. 1920 இன் தொடக்கத்தில் 89 பென்ஸையும் கடந்தது. உருக்கினால் இலாபம் என்றாகிவிட்டபோது நாணயம் சந்தையில் தங்குவதில்லை. அரசாங்கம் உருக்குவதைத் தடை செய்தது. 1917 இல் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. சிறிய வெள்ளி நாணயங்களுக்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த நாணயங்களை அடித்தது. அமெரிக்காவும் 1918 இல் பிட்மன் சட்டத்தின் கீழ்த் தன் கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவின் தேவைக்காக விற்றது. ஆனால் பெரிய ரூபாயின் மாற்று அப்போது குறைக்கப்படவில்லை. அதனால் ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்து 1911 முதல் 1922 வரை வெளிவந்த ரூபாய்கள் அனைத்தும் முழு மாற்று உடையவை. அவற்றுள் 1911 ஆம் ஆண்டு ரூபாயில், மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றியைப் போல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, அச்சு மாற்றப்பட்ட கதை பலரும் அறிந்ததே. யானை எப்படி இருப்பினும் வெள்ளியில் குறைவில்லை.

மாற்றுக் குறைந்தது இரண்டாம் உலகப் போரில். மக்கள் நோட்டைக் கொடுத்து நாணயம் வாங்கிப் பதுக்கத் தொடங்கியதும், 1940 இல் அரசாங்கம் நூற்றுக்கு ஐம்பது பங்கு வெள்ளியும், நாற்பது பங்கு செம்பும், ஐந்து பங்கு நிக்கலும், ஐந்து பங்கு துத்தநாகமும் கொண்ட நான்குலோகக் கலவைக்கு மாறியது. எடையில் மாற்றமில்லை. போலியைத் தடுக்கும் பொருட்டு, புதிய ரூபாயின் விளிம்பில் வரிகளின் நடுவே சித்திர வேலையுள்ள ஒரு பள்ளம் ஓடவிடப்பட்டது. பழைய முழு மாற்று ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாதவையாக்கப்பட்டன. பலர் அவற்றைக் கருவூலத்தில் கொடுத்துப் புதியதைப் பெற்றனர். கொடாமல் வைத்துக்கொண்டவர்களின் பேரர்களே இன்று யோசனை கேட்க வருகிறவர்கள்.

இந்த அரைமாற்று ரூபாய்க்கும் வெள்ளி போதவில்லை. போர்க்காலக் கடன் ஏற்பாட்டின்படி இந்தியா அமெரிக்காவிடமிருந்து 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ், அதாவது சுமார் 7,000 மெட்ரிக் டன் வெள்ளியைக் கடனாகப் பெற்றது. அதை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டியிருந்தது. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் தூய நிக்கல் நாணயங்கள் வெளியானதற்கும், நான்குலோக நாணயங்களைத் திரும்பப் பெற்றுக் கல்கத்தா அலிப்பூரிலுள்ள சுத்திகரிப்பு ஆலையில் வெள்ளியைப் பிரித்தெடுத்ததற்கும் இதுவே காரணம். கடன் 1957 இல் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறையும் நடைமுறைக்கு வந்து, அணாக் கணக்கு விடைபெற்றது.

இனம் காணுதல்

முதலில் ஆண்டைப் பார்த்தல் வேண்டும். 1835 முதல் 1939 வரை ஆண்டு பொறித்த ரூபாய்களில் 10.69 கிராம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பொறித்தவற்றில் 5.83 கிராம்; 1947 இல் ஒன்றுமில்லை. அரை ரூபாயின் எடை 5.83 கிராம், முழு மாற்றாயின் அதில் வெள்ளி 5.35 கிராம், அரைமாற்றாயின் 2.92 கிராம். கால் ரூபாயில் முறையே 2.67 கிராமும் 1.46 கிராமும் உண்டு. இரண்டணா வெள்ளியில் அடிக்கப்பட்டது 1917 வரையே, அதில் 1.34 கிராம். 1940 என்பது மாற்றம் நிகழ்ந்த ஆண்டாகையால், சிறு நாணயங்களில் அவ்வாண்டு காணப்பட்டால் ஆண்டை மட்டும் நம்பாமல் கீழ்க்கூறும் நீர்ச் சோதனையையும் செய்தல் நன்று. 1862 என்று பொறித்த ரூபாய்கள் ஏராளமாகக் கிடைப்பது கண்டு வியக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டு எண்ணையே மாற்றாமல் பல ஆண்டுகள் அடித்து வந்தனர்.

ஆண்டு தேய்ந்து மறைந்திருப்பின் விளிம்பைப் பார்க்கலாம். ரூபாயின் விளிம்பில் வரிகள் மட்டும் இருந்தால் முழு மாற்று. வரிகளின் நடுவே பள்ளம் இருந்தால் அரைமாற்று. 1947 ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாயைக் காந்தம் பற்றும். வெள்ளி நாணயம் எதனையும் பற்றாது. பள்ளிக்கூடத்துக் காந்தமே இதற்குப் போதும்.

நிறத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் தவறு. வெள்ளியும் செம்பும் கலந்த நாணயத்தைச் சூடேற்றி அமிலத்தில் இட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் படலமாக எஞ்சும். பட்டறைகளில் இவ்வாறு வெளுக்க வைப்பது பழைய முறை. அரைமாற்று நாணயமும் இதனால் நல்ல வெள்ளி போலத் தோன்றும். உரைகல்லில் இலேசாக உரைத்தாலும், நகைச் சோதனை நிலையங்களிலுள்ள எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தாலும் பெரும்பாலும் மேற்படலமே சோதிக்கப்படுகிறது. மாறாக, நல்ல வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி சல்பைடு ஆகிக் கறுத்து, இழிந்த உலோகம் போலக் காட்டும். மஞ்சள் முடிச்சிலிருந்து கறுத்து வந்த நாணயத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதால் சிறிது வெள்ளியும் போகும், சேகரிப்போர் தரும் விலையும் குறையும்.

நாணயத்தின் உட்பகுதியையும் சேர்த்துச் சோதிப்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட முறை. தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49, செம்பு 8.96, நிக்கல் 8.90, துத்தநாகம் 7.14. இவற்றிலிருந்து கணக்கிட்டால் முழு மாற்று ரூபாயின் ஒப்படர்த்தி 10.34 என்றும், அரைமாற்று ரூபாயினது 9.53 என்றும் கிடைக்கும். 11.66 கிராம் எடையுள்ள நாணயம் நீரில் முழுவதும் மூழ்கும்போது இழக்கும் எடை, முழு மாற்றாயின் 1.13 கிராம், அரைமாற்றாயின் 1.22 கிராம், நிக்கலாயின் 1.31 கிராம்.

சோதனை எளியது. 0.01 கிராம் வரை காட்டும் எண்முறைத் தராசின் மீது நீருள்ள கண்ணாடிக் குவளையை வைத்து, அளவைப் பூச்சியமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருள் தொங்கவிட வேண்டும். தராசு அப்போது காட்டும் அளவே நாணயம் வெளியேற்றிய நீரின் எடை. அதாவது நாணயம் இழந்த எடை. எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழிகள் ஒட்டினால் விடை கெடும். நாணயத்தை முன்னதாகச் சோப்பு நீரில் நனைத்துக் கழுவிக்கொண்டால் குமிழிகள் ஒட்டா. எண்முறைத் தராசு இல்லாத பள்ளிகளில் பௌதிகத் தராசும், தட்டின் குறுக்கே நிறுத்தும் மரப்பாலமும் கொண்டு இதனையே செய்யலாம்.

இம்முறையின் எல்லையையும் மாணவர் அறிதல் வேண்டும். வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள ஒப்படர்த்தி வேறுபாடு சிறிது. ஆகவே ஒரு ரூபாயின் நீர்ச் சோதனையில் 0.01 கிராம் பிழை நேர்ந்தால், கணக்கிட்டுக் காணும் வெள்ளி அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு பிழை நேரும். முழு மாற்றா, அரைமாற்றா, நிக்கலா என்று பிரித்தறிய இது தாராளமாகப் போதும். இது தொண்ணூற்றொன்றா, எண்பத்தெட்டா என்று சான்றளிக்கப் போதாது. ஒரே வகை நாணயங்கள் பத்து இருந்தால் அனைத்தையும் சேர்த்துத் தொங்கவிடலாம். அப்போது இழப்பு 11.3, 12.2, 13.1 கிராம் என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். பிழையும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். தேய்ந்த நாணயமாயின் எடையும் இழப்பும் ஒருங்கே குறையுமாதலால், காற்றில் கண்ட எடையை இழப்பால் வகுத்து ஒப்படர்த்தியைக் காண வேண்டும். ஈயம் கலந்து செய்த போலி ஒன்று வெள்ளியின் ஒப்படர்த்தியைத் தற்செயலாக ஒத்திருப்பதும் கூடும். ஆகவே எடை, விட்டம், விளிம்பு, எழுத்தின் கூர்மை ஆகிய எல்லாம் ஒத்திருந்தாலன்றி நாணயம் மெய்யானது என்று கூறலாகாது.

விலைக் கணக்கு

நாணயத்தின் எடையை வெள்ளிப் பங்கால் பெருக்கி, அன்றைய தூய வெள்ளியின் கிராம் விலையால் மீண்டும் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும். கணக்கின் வசதிக்காகக் கிராம் 100 ரூபாய் என்று கொண்டால், முழு மாற்று ரூபாய் ஒன்று 1,069 ரூபாய் பெறும். அரைமாற்று ரூபாய் 583 ரூபாய் பெறும். இருபது நாணயங்களில் இவ்வேறுபாடு 9,720 ரூபாயாகிறது. முடிச்சிலுள்ள அனைத்தையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைக்குக் கொடுத்துவிடாமல், ஆண்டுவாரியாகப் பிரித்து, எழுதிக்கொண்டு போவதன் பயன் இதுவே. தேய்மானத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். 1906 ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி நூற்றுக்கு இரண்டு பங்கு வரை தேய்ந்த ரூபாய் செல்லுபடியானது, அதாவது 11.43 கிராம் வரை இறங்கிய நாணயங்களும் முறையாகப் புழங்கியவையே. வாங்குபவர் உருக்குச் சேதத்துக்காகச் சிறிது கழிப்பது நியாயம். அரைமாற்று நாணயத்தில் துத்தநாகமும் நிக்கலும் இருப்பதால் பிரித்தெடுக்கும் செலவு மிகுதி. அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கழிப்பதும் முறையே. ஆனால் முழு மாற்று ரூபாய்க்கு அரைமாற்று விலை கூறுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சில நாணயங்களுக்கு உலோக மதிப்பு ஒரு பொருட்டன்று. 1939 ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிதாகையால் சேகரிப்போர் பல மடங்கு விலை தருவர். அதனாலேயே அதில் போலிகளும் மலிந்துள்ளன. சென்னை நாணயச்சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த, ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும் பொறித்து, தமிழ், தெலுங்கு எழுத்துகளும் தாங்கிய அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களும் இவ்வகையின. இவை உருக்குலைக்குச் செல்லத் தகுந்தவை அல்ல. விடுதலைக்குப் பின் வந்தவற்றுள் 1969 ஆம் ஆண்டின் காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் நாணயத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி உண்டு. எடை 15 கிராம், ஆகவே வெள்ளி 12 கிராம். இதனை நிக்கல் என்று எண்ணி ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு.

வீட்டுப் பெட்டியிலிருந்த நாணயம் வீட்டாருடையது. நிலத்தை உழும்போதோ, பழைய சுவரை இடிக்கும்போதோ கிடைத்த நாணயக் குடத்தின் நிலை வேறு. 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை அவ்வறிவிப்பில் குறிப்பிட வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகையால் அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. கிடைத்த குடத்தைக் கழுவாமலும், நாணயங்களைப் பிரிக்காமலும், மண்ணோடு வைத்திருந்து ஒப்படைத்தால், எந்த ஆண்டு நாணயம் எதனோடு கலந்து கிடந்தது என்பதைக் கொண்டு புதைத்த காலத்தை ஆராய்ச்சியாளர் கணிக்க முடியும்.